ஆலவாயர் எழுந்தருளும் வசந்த மண்டபம்

சோமசுந்தரக் கடவுளின் திருவருள் நிலவும் இம்மாநகரிலே கல்லுக்கும் பெயர் உண்டு. நாம் இன்று கூடியிருக்கும் இவ்விடம் சிம்மக்கல். இதனை அடுத்து வையைக் கரையை ஒட்டி இருப்பது யானைக்கல். மற்ற ஊர்களில் மன்னர் பெயராலும் வள்ளல்கள் பெயராலும் வீதிகள் வழங்கும். மதுரையிலோ ஒரு கற்சிங்கமும் ஒரு கல்யானையும் நாற்சந்திகளுக்குப் பெயர் தந்து நிற்கின்றன. கல்லோடு இவ்வளவு உறவு கொண்ட ஊரில் கல்லைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகின்றேன்.

சிம்மக்கல்லில் எழுந்தருளியுள்ள பழைய சொக்கநாதர் திருக்கோயிலை வட திருவாலவாய் என்று அடியார்கள் போற்றுவர். திருவிளையாடற் புராணத்தில் இடைக்காடன் பிணக்குத் தீர்த்த படலத்தை அறியாதார் நம்முள் இல்லை. இடைக்காடர் பாடிய செய்யுளைக் கேட்டும் குலேச பாண்டியன் அழுக்காறு கொண்டு தலையசைக்கவில்லை. புலவர் மனம் நொந்து இறைவனிடம் முறையிட்டு வடதிசை நோக்கி நடந்தார். புலவருக்கு நேர்ந்த அவமதிப்பைத் தமக்கு நேர்ந்ததாகவே கொண்ட ஆலவாய் அண்ணல், உமையம்மையோடு கோயிலை நீங்கி வையையின் தென்கரைக்கு வந்து தங்கினார். சங்கப் புலவரும் உடன் வந்தனர். பாண்டியன் பதறி ஓடி வந்து பிழை பொறுக்க வேண்டிய பின்னரே பெருமான் திரும்பினார். அவ்வாறு அவர் வந்து தங்கிய இடம் இதுவே என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

இவ்வரலாற்றை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. அன்று இறைவன் தம் கோயிலை விட்டுப் புறத்தே வந்தது சினத்தினால். ஆனால் அவரே அருளினால் புறத்தே வந்து தங்குகின்ற இடம் ஒன்றும் இந்நகரில் உண்டு. இங்கிருந்து தெற்கு நோக்கி நடந்து, வடக்கு மாசி வீதியையும் ஆவணி மூல வீதியையும் கடந்து, கீழைக் கோபுரத்துக்கு எதிரே சென்று நின்றால் அதனைக் காணலாம். அதுவே புதுமண்டபம். ஆண்டில் பத்து நாள் இறைவனும் இறைவியும் வந்து அமர்வதற்கென்றே எழுந்த கல் மாளிகை அது.

பெயரைப் பாருங்கள். நானூறு ஆண்டுகளை நெருங்கும் கட்டடத்துக்கு இன்றும் 'புது' மண்டபம் என்றே பெயர்! கட்டிய அன்று மதுரை மக்கள் வியந்து வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. பேரனுக்குப் பேரன் பிறந்த பின்னும் வீட்டில் ஒருவரைச் 'சின்னத்தம்பி' என்றே அழைப்பதில்லையா? அது போலத்தான். இம்மண்டபத்தின் உண்மைப் பெயர் வசந்த மண்டபம் என்பதாகும்.

இதனைக் கட்டியவர் திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை ஆண்டவர்; தலைநகரைத் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு மாற்றியவர். மாசியில் நிகழ்ந்து வந்த திருக்கல்யாணத்தையும் தேரையும் சித்திரைக்கு மாற்றி, அழகர் வையையில் இறங்கும் விழாவோடு இணைத்தவர் அவரே என்பது மரபு. வண்டியூர்த் தெப்பக்குளம் அவர் கண்டது. ஆகவே அவர் எழுப்பியவற்றைத் தனித்தனிக் கட்டடங்களாகப் பார்த்தல் பொருந்தாது. விழா எங்கே புறப்பட்டு, எவ்வழியே சென்று, எங்கே தங்கும் என்று முதலில் எண்ணி, அதற்குப் பின்னரே கல் அடுக்கியவர் அவர். சித்திரைக்கு வீதியும், தைக்குத் தெப்பமும், வைகாசிக்கு இம்மண்டபமும் அமைந்தன.

வைகாசி என்றால் என்ன என்பதை மதுரைக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அக்கினி நட்சத்திரத்தின் கடைக்கூறு அம்மாதத்தில்தான் விழும். வையை மணல் கொதிக்கும். இரவிலும் கருங்கல் சூடு ஆறாது. அக்காலத்தில் அம்மையப்பரை வெம்மை தணிந்த ஓரிடத்தில் எழுந்தருளச் செய்து, சந்தனமும் மலரும் சாத்தி உபசரிப்பதே வசந்த உற்சவம். முதல் ஒன்பது நாள்களும் மாலையில் புதுமண்டபத்துக்கு எழுந்தருளி மீள்வதும், பத்தாம் நாள் காலையிலேயே வந்து பகல் முழுதும் தங்கி மாலையில் திரும்புவதும் முறை. உடம்பில்லாத இறைவனுக்கு வெயில் ஏது, நிழல் ஏது என்று கேட்பார் உளர். நமக்கு எது இனிதோ அதனை அவருக்கு முதலில் படைத்தல் அன்பின் இயல்பு. குழந்தைக்கு விசிறும் தாய் தத்துவம் பேசுவதில்லை.

ஸ்காட்லாந்து நாட்டுக் கட்டடக்கலை வரலாற்றாசிரியரான பெர்குசன் என்பார், இந்தியக் கட்டடங்களைப் பற்றித் தாம் 1876இல் வெளியிட்ட நூலில் இம்மண்டபத்தைப் பற்றி எழுதியிருக்கின்றார். மன்னனுடைய தெய்வம் ஆண்டுக்குப் பத்து நாள் மன்னனைக் காண வருவதற்கு இசைந்ததாகவும், தன் பெருமைக்கு ஏற்ற மண்டபம் எழுப்பவேண்டும் என்று அதற்கு நிபந்தனை விதித்ததாகவும் அவர் கூறுகின்றார். விருந்தினர் வருகைக்கு வரவேற்பு மாளிகை என்பது போன்ற விளக்கம். அவருக்குச் சொன்னவர் யாரோ, அவர் கேட்டுக்கொண்டது எவ்வாறோ! மண்டபத்துக்குள் சென்று பார்த்தால் செய்தி வேறாக இருக்கின்றது. அங்கே மன்னன் விருந்தோம்பும் தலைவனாக அமர்ந்திருக்கவில்லை, கைகூப்பி நிற்கின்றான். அதனைப் பின்னர்க் காண்போம்.

முதலில் மண்டபத்தின் அமைப்பு. கிழக்கு மேற்காக நீண்டது இது. நீளம் ஏறத்தாழ 333 அடி, அகலம் 105 அடி. மேற்கே பாண்டியர் எடுத்த ஒன்பது நிலைக் கீழைக் கோபுரம். கிழக்கே திருமலை நாயக்கர் தொடங்கி முற்றுப்பெறாமல் நின்றுவிட்ட இராயகோபுரம். இவ்விரண்டுக்கும் இடையே, சுவாமி சந்நிதியின் நேர்கோட்டிலேயே மண்டபம் கிடக்கின்றது. ஆதலின் கோபுர வாயிலின் வழியே புறப்படும் இறைவனுக்கு இது கோயிலின் நீட்சியே அன்றி வேறோர் இடம் அன்று. இராயகோபுரம் மட்டும் நிறைவேறியிருந்தால் தென்னாட்டில் அதற்கு நிகர் இருந்திராது. அதன் வாயில் நிலைக்கால்கள் ஐம்பதடிக்கு மேற்பட்ட உயரமுள்ள ஒற்றைக் கற்கள். மேலே ஒன்றுமில்லாமல் வானத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன.

மண்டபத்தினுள் தூண்கள் 124. நான்கு வரிசைகள், வரிசைக்கு முப்பத்தொன்று. நடுவரிசைகள் இரண்டுக்கும் இடையே அகன்ற நடை. அதன் இருமருங்கும் குறுகிய நடைகள். இறைவன் வரும் வழி நடுவே. அடியார் நிற்கும் இடம் இருபுறமும். மண்டபத்தின் உள்ளே கருநிறக் கல்லால் இழைத்த சிறிய மேடை மண்டபம் ஒன்று உண்டு. அம்மையப்பர் வீற்றிருக்கும் இடம் அதுவே. கட்டடம் முழுவதையும் சுற்றி நீர் நிறைக்கும் அகழி போன்ற பத்தி வகுத்திருக்கின்றனர். வசந்த விழாவில் அதில் நீரை நிரப்பிவிட்டால், நாற்புறமும் திறந்த தூண்களின் ஊடே வீசும் காற்று அந்நீரைத் தொட்டு உள்ளே வரும். நீர் ஆவியாகும்போது காற்றின் வெம்மையை எடுத்துக்கொள்ளும். மேலே கனத்த கற்பலகைக் கூரை. பகலின் சூடு அதனைத் துளைத்துக் கீழிறங்க நெடுநேரம் ஆகும். மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் இல்லாத காலத்தில் கல்லும் நீரும் காற்றும் சேர்ந்து செய்த வேலை இது. வசந்த மண்டபம் என்ற பெயர் வெறும் அலங்காரப் பெயர் அன்று என்பதற்கு இவ்வகழியே சான்று. அகழி வறண்டு கிடந்தால் இம்மண்டபம் பாதி மண்டபமே.

இத்தனை அகலத்துக்கும் வளைவு இல்லை, சுண்ணாம்புக் கூட்டு இல்லை. கல்மேல் கல், அவ்வளவே. தூண், தூணின் தலையில் பலகை, அதன்மேல் இருபுறமும் கை நீட்டிய போதிகை, போதிகையின்மேல் உத்தரம், உத்தரத்தின்மேல் பரப்பிய கற்பலகை. ஒரு கல் தன் எடையாலேயே ஒடியாமல் எத்தனை அடி நீண்டு கிடக்கக்கூடும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைத் தாண்டி நடையை அகலப்படுத்த வேண்டுமானால், போதிகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக முன்னுக்குத் தள்ளி இடைவெளியைக் குறைத்தல் வேண்டும். நாயக்கர் காலத்துச் சிற்பிகள் இதில் தேர்ந்தவர்கள். தாமரை மொட்டுத் தொங்குவது போல் முடியும் அப்போதிகைகளைப் பார்ப்பவர் அழகை மட்டும் காண்பர். அம்மொட்டுகளுக்கு மேலே எத்தனை மணங்கு எடை ஏறியிருக்கிறது என்பதை எண்ணுபவர் சிலரே.

தூண்களிலும் ஒரு நுட்பம் உண்டு. பல தூண்கள் வெறும் தூண்களாக இல்லை. தூணோடு ஒட்டியே ஒரு முழு உருவம், அல்லது ஒரு யாளி, அல்லது முன்கால் தூக்கிப் பாயும் குதிரைமேல் ஒரு வீரன். இவை தனியே செய்து பொருத்தப்பட்டவை அல்ல. தூணும் உருவமும் ஒரே கல். உளி ஒருமுறை தவறினால் உருவம் மட்டுமன்று, கூரை தாங்கும் தூணும் பாழ். இத்தனைக்கும் இது மெத்தென்ற மாக்கல் அன்று, கருங்கல். குதிரையின் வாய்க்கும் கடிவாளத்துக்கும் இடையே விரல் நுழையும்படி குடைந்த கை எத்தனை நாள் ஒரே இடத்தில் அமர்ந்திருக்குமோ!

இனி உருவங்களுக்கு வருவோம். புராணம் படிக்கத் தெரியாதவரும் கண்ணால் படிக்கும்படி இங்கே திருவிளையாடலைக் கல்லில் எழுதி வைத்திருக்கின்றனர். மூன்று தனங்களோடு நிற்கும் தடாதகைப் பிராட்டியைக் காணலாம். மலயத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் வேள்வித் தீயில் தோன்றிய அம்மை, திக்குவிசயம் செய்து கயிலையை அடைந்து, தமக்குரிய தலைவரைக் கண்ட அக்கணத்தில் மூன்றாவது தனம் மறைந்தது என்பது வரலாறு. மறைவதற்கு முந்திய நிலையில் அம்மையைச் சிற்பி வடித்திருக்கின்றார். அரசியாக, வீராங்கனையாக, இன்னும் யாருக்கும் நாணாதவராக அவர் நிற்கின்றார். சிற்றூரிலிருந்து வரும் பெண்கள் இவ்வுருவத்தின் முன் சற்று நேரம் நின்றே போவர். வேறொரு தூணில் அதே அம்மை மணமகள். தலை சற்றே கவிழ்ந்திருக்கின்றது, திருமால் தாரை வார்த்துக் கையைப் பற்றிக் கொடுக்கின்றார், பெருமான் ஏற்றுக்கொள்கின்றார். இரண்டு தூண்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டவர்க்கே இரண்டாம் தூணின் நாணம் விளங்கும். கோயிலுள் கம்பத்தடி மண்டபத்தில் உள்ள புகழ்பெற்ற திருக்கல்யாணச் சிற்பம் பிற்காலத் திருப்பணியில் அமைந்தது. அதனையே நாட்காட்டிகளில் கண்டு பழகிய நம் கண், முன்னோடியான இதனைக் காண மறந்துவிடுகின்றது.

ஒரு தூணில் பெருமான் ஊர்த்துவ தாண்டவம் ஆடுகின்றார். எதிர்த் தூணில் காளி. திருவாலங்காட்டில் நிகழ்ந்த போட்டி இது. ஒரு காலை வானளாவத் தூக்கி ஆடியபோது, அதற்கு எதிர் ஆட இயலாமல் காளி நின்றுவிட்டாள். இவ்விரு சிற்பங்களையும் சேர்த்தே காண வேண்டும். ஒன்றில் உயரத் தூக்கிய கால். மற்றொன்றில் அதனைக் கண்டு தயங்கிய முகம். இடையே நாம் நடந்து செல்லும் வழி. அதாவது ஆட்டக் களத்தின் நடுவே நம்மை நிறுத்திவிட்டான் சிற்பி! இராவணன் கயிலையைப் பெயர்க்கும் தூணும் உண்டு. திருஞானசம்பந்தப் பிள்ளையார் தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் இராவணனை வைத்துப் பாடும் மரபை ஓதுவார்கள் அறிவர். செருக்கு அடங்கிய பின் இசையால் இறைவனை மகிழ்வித்து அருள் பெற்றவன் அவன். தண்டனையோடு கதை முடிவதில்லை என்பதை அந்த எட்டாம் பாடல் ஒவ்வொரு நாளும் நினைவூட்டும்.

எனக்கு மிகவும் உவப்பானவை வேறு இரண்டு. கல்லானைக்குக் கரும்பு அருத்தியது ஒன்று. எல்லாம் வல்ல சித்தராய் வந்த பெருமான், அபிடேக பாண்டியன் நீட்டிய கரும்பைக் கல்யானை தின்னும்படி செய்த வரலாறு. கல்லைக் குடைந்து யானை செய்து, அந்தக் கல் உயிர்பெற்ற கதையையே அதில் எழுதுவது என்பது சிற்பிக்கு எத்தகைய களிப்பைத் தந்திருக்கும்! தம் தொழிலின் உச்சம் இதுவே என்று அவர் எண்ணியிருக்கலாம். மற்றொன்று, தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக் குட்டிகளுக்குப் பெருமான் தாய்ப்பன்றியாகி முலை கொடுத்தது. பின்னர் அக்குட்டிகளே பாண்டியனின் அமைச்சர்கள் ஆயினர் என்று பரஞ்சோதி முனிவர் பாடுவார். மன்னன் எழுப்பிய மண்டபத்திலே, மன்னனுடைய உருவம் நிற்கும் அதே கூரையின் கீழே, பன்றிக்குத் தாயான கடவுளையும் செதுக்கி வைத்தார்கள். உலகத்துப் பேரரசர்கள் தம் மாளிகைகளில் வெற்றியையும் வேட்டையையும் வரைந்து வைத்ததுண்டு. கடவுள் பன்றியாகக் குனிந்த கோலத்தை வைத்தவர் எத்தனை பேர்?

இப்போது முன்னர் நிறுத்திய செய்திக்கு வருகின்றேன். நடு நடையின் தூண்களில் நாயக்க மன்னர் பதின்மரின் உருவங்கள், பக்கத்துக்கு ஐந்தாக எதிரெதிரே நிற்கின்றன. 1529இல் இவ்வரசை நிறுவியவராகக் கொள்ளப்படும் விசுவநாத நாயக்கர் தொடங்கித் திருமலை நாயக்கர் வரை. ஆளளவும் அதற்கு மேலும் ஆன உருவங்கள். மெலிந்தவர், பருத்தவர் என ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரிகின்றது. திருமலை நாயக்கரின் தொந்தியைச் சிற்பி மறைக்கவில்லை. அவரும் மறைக்கச் சொல்லவில்லை போலும். அவர் தலைக்கு மேல் மட்டும் ஒரு விதானம்; பக்கத்தில் தேவியர். இவர்கள் அனைவரும் கைகூப்பி நிற்கின்றனர். அரியணை இல்லை; வாள் ஓங்கிய கை இல்லை. வைகாசியில் இறைவன் நடு நடை வழியே வரும்போது, ஐவர் இப்புறமும் ஐவர் அப்புறமும் நின்று வணங்குவது போன்ற தோற்றம். இறந்துபோன ஒன்பது மன்னரையும் உயிரோடிருந்த தம்மையும் ஒரே வரிசையில் பணியாளர்களாக நிறுத்தினார் நாயக்கர். தம் குடியின் பெருமையைக் காட்டிக்கொள்ளும் எண்ணமும் இதில் இல்லாமல் இல்லை, அரசர் அரசரே. ஆயினும் அப்பெருமையைக் காட்ட அவர் தேர்ந்த இடம் வணங்குவோர் வரிசை என்பது நினைக்கத்தக்கது. விதானத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

தேவியரின் உருவத்தைப் பற்றி ஒரு கர்ணபரம்பரை வரலாறு உண்டு. அரசியின் உருவத்தைச் செதுக்குகையில் தொடைப் பகுதியில் ஒரு சில்லு தெறித்து விழுந்தது. சிற்பி கலங்கினார். அமைச்சராகவும் பெரும் புலவராகவும் இருந்த நீலகண்ட தீட்சிதர் அதனைக் கண்டு, "அரசிக்கு அவ்விடத்தில் மச்சம் இருத்தல் வேண்டும், அது சாமுத்திரிகா இலக்கணம், அப்படியே விடுக" என்றாராம். செய்தி மன்னர் செவிக்கு எட்டியது. உள்ளது உள்ளபடி இவர் அறிந்தது எவ்வாறு என்று ஐயம் எழுந்தது. தீட்சிதரின் கண்களைப் பறிக்க ஆள் அனுப்பினார். பூசையில் இருந்த தீட்சிதரோ நிகழப்போவதை உணர்ந்து, கையிலிருந்த கர்ப்பூர ஆரத்தியாலேயே தம் கண்களை அவித்துக்கொண்டார். உண்மை தெரிந்த மன்னர் ஓடிவந்து அழுதார். அதன்பின் தீட்சிதர் மீனாட்சியம்மையைத் துதித்து 'ஆனந்த சாகர ஸ்தவம்' பாடிப் பார்வை பெற்றார் என்பர்.

இது வரலாற்று ஆவணம் அன்று. மக்கள் நெஞ்சில் வாழும் கதை. ஆனால் நீலகண்ட தீட்சிதர் மெய்யாக வாழ்ந்தவர். அப்பைய தீட்சிதர் மரபில் வந்தவர். ஆலவாயின் அறுபத்துநான்கு திருவிளையாடல்களையும் 'சிவலீலார்ணவம்' என்ற வடமொழிக் காப்பியமாகப் பாடியவர். கதையில் எது உண்மை எது கற்பனை என்று பிரிப்பதைவிட, மதுரை மக்கள் ஏன் இதனை விடாமல் சொல்லி வருகின்றனர் என்று கேட்பது நன்று. குலேச பாண்டியன் இடைக்காடரை அவமதித்தான். இறைவன் கோயிலை நீங்கினார். திருமலை மன்னர் தீட்சிதரை ஐயுற்றார். புலவரின் கண்கள் போயின. இரண்டிலும் தவறியது மன்னன். இறைவன் நின்றது புலவன் பக்கம். கைகூப்பி நிற்கும் கல்மன்னருக்குப் பக்கத்திலேயே அவர் பிழையையும் மக்கள் கதையாக நட்டுவிட்டனர்.

இம்மன்னர் தமக்கென்று கட்டிக்கொண்ட அரண்மனையையும் இங்கு ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். 1636ஆம் ஆண்டைச் சார்ந்த திருமலை நாயக்கர் மகால் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்தது. பெருந்தூண்கள், இறைச்சிறகு போல் விரிந்த வளைவுகள், வானளாவிய குவிமாடங்கள். அழகில் குறைவில்லை. ஆனால் அவர் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, அரண்மனையின் பகுதிகளைப் பிரித்தெடுத்துச் சென்றார். இன்று நாம் காண்பது பழைய மாளிகையின் ஒரு கூறே. அதுவும் இடியும் நிலையில் இருந்ததை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். பிறகு 1970 வரை நீதிமன்றமாயிருந்தது. இறைவனுக்குக் கருங்கல், தனக்குச் செங்கல். பேரன் தாத்தாவின் அரண்மனையில் கைவைத்தான்; தாத்தா இறைவனுக்கு எடுத்த மண்டபத்தில் ஒரு தூணையும் தொடவில்லை.

1736இல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. விழா முடியவில்லை. 1792இல் மதுரைக்கு வந்த ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் இவ்வூர்க் காட்சிகளை வரைந்து சென்றனர். திருமலை நாயக்கரின் 'சத்திரம்' என்ற பெயரில் இம்மண்டபம் கடல் கடந்தும் அறிமுகமாயிற்று. அது சத்திரம் அன்று. எனினும் ஆண்டில் முந்நூற்றைம்பது நாளும் மக்கள் அங்கே படுத்தும் பேசியும் இளைப்பாறியும் இருந்திருந்தால், வெளிநாட்டார் கண்ணுக்கு அது சத்திரமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

மக்கள் கூடும் இடத்தில் வணிகம் வரும். தலைமுறை தலைமுறையாகப் புதுமண்டபம் கடைவீதியாகவே வழங்கியது. வளையல், குங்குமம், பித்தளைப் பாத்திரம், பூசைப் பொருள்கள். தையற்காரர்கள் தூண்களின் அடியில் வரிசையாக இயந்திரம் போட்டு அமர்ந்திருந்தனர். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சும் அடியார்கள் அணியும் வண்ண உடைகளைத் தைத்தவர்கள் இவர்களே. தேருக்கும் சப்பரத்துக்கும் தொம்பை தைத்தவர்களும் இவர்களே. அடுத்து, புத்தகக் கடைகள். தேவாரம், திருவாசகம், பஞ்சாங்கம், பெரிய எழுத்துக் கதைகள், அம்மன் பாடல்கள். தென்பாண்டி நாட்டுச் சிற்றூர்களில் எத்தனையோ வீடுகளின் மாடப்பிறையில் இருக்கும் திருவாசகப் பிரதி புதுமண்டபத்தில் வாங்கியதாகவே இருக்கும். இதனைக் கடைக்காரர் ஆக்கிரமிப்பு என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நன்றியுடைமை ஆகாது.

ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். தூணில் ஆணி அறைந்தனர். தடாதகைப் பிராட்டியின் தோளில் துணிக்கட்டுத் தொங்கியது. மன்னர் பதின்மரும் பெட்டிகளுக்குப் பின்னே மறைந்தனர். புகையும் எண்ணெயும் பிசுக்கும் கல்லின் நிறத்தையே மாற்றின. நடுவழியில் வருபவர் விலை கேட்பாரே தவிர நிமிர்ந்து பார்ப்பதில்லை. மதுரையிலேயே பிறந்து வளர்ந்து, அறுபது வயது வரை அங்கே நூறு முறை சென்றும், ஊர்த்துவ தாண்டவம் எந்தத் தூணில் இருக்கிறதென்று சொல்ல இயலாதவர் பலர்.

2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, கோயிலின் கீழைக் கோபுரத்தை ஒட்டிய வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப் பற்றியது. முத்து வீரப்ப நாயக்கர் காலத்து மண்டபம் அது. அங்கும் கடைகள் இருந்தன. கருங்கல் எரியாது என்பார்கள்; உண்மை. ஆனால் கடுந்தீயில் கல் வெடிக்கும், உதிரும். நூற்றாண்டுகளாக நின்ற தூண்களும் மேற்கூரையும் ஓரிரவில் சிதைந்து வீழ்ந்தன. அவற்றுக்கு மாற்றாகப் புதுக்கற்களை நாமக்கல் மாவட்டத்து இராசிபுரம் பகுதியிலிருந்து கொண்டுவர நேர்ந்தது. அதன் பின்னரே புதுமண்டபத்தைப் பற்றிய அச்சமும் வலுத்தது. அங்கே இருந்தவை துணியும் காகிதமும் அல்லவா? கடைகளை அருகிலுள்ள குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றும் பணி 2022ஐ ஒட்டிய காலத்தில் நடந்தது. தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் மனவருத்தத்தோடேயே இடம் பெயர்ந்தனர். பாட்டன் அமர்ந்த தூணடியை விட்டுப் போவது எளிதன்று. அவர்களைத் தேடிச் சென்று வாங்குவது நம் கடமை என்பதை இங்கேயே சொல்லிவிடுகின்றேன்.

கடைகள் நீங்கின, அடுத்தது என்ன? இதனை அருங்காட்சியகம் போலாக்கிக் காட்டலாம் என்ற பேச்சும் எழுவதுண்டு. அவ்வழியில் செல்வதற்கு முன் ஒரு செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன். அமெரிக்க நாட்டில் பிலடெல்பியா என்னும் நகரத்து அருங்காட்சியகத்தில் மதுரைத் தூண்கள் ஒரு மண்டபமாகவே நிற்கின்றன. இவ்வூர் மதனகோபாலசுவாமி கோயிலைச் சேர்ந்த தூண்கள் அவை. 1912இல் அமெரிக்கப் பெண்மணி ஒருவர் அவற்றை இங்கே விலைக்கு வாங்கினார். 1919இல் அவை அருங்காட்சியகத்துக்குக் கொடையாயின. மழையும் தூசியும் படாமல், ஆணி அறைவார் இன்றி, விளக்கொளியில் அவற்றை அருமையாகப் பேணுகின்றனர். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்நடையில் எந்தச் சுவாமியும் புறப்பட்டு வருவதில்லை, நாதசுரம் ஒலிப்பதில்லை, தூணில் சாய்ந்து உறங்கும் கிழவி இல்லை. கல் பிழைத்தது; மண்டபம் பிழைத்ததா என்பதே கேள்வி.

ஆகவே புதுமண்டபத்துக்குச் செய்ய வேண்டுவனவற்றுள் முதலாவது அகழியில் நீர் என்று நான் கருதுகின்றேன். தூண்களைத் தூய்மை செய்வதும், பெயர்ப்பலகை வைப்பதும், வேலி போடுவதும் அதற்குப் பின்னரே. வேலி மிகவும் உயர்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மணல் பீய்ச்சியும் அமிலம் ஊற்றியும் கல்லைத் தேய்க்கும் அவசர வேலைகள் வேறிடங்களில் பழைய சிற்பங்களின் மூக்கையும் விரலையும் மழுங்கச் செய்ததுண்டு. நானூறு ஆண்டுப் பிசுக்கு நான்கு நாளில் போக வேண்டுவதில்லை. மெல்லக் கழுவினால் போதும். நாயக்கரின் விதானமும் தடாதகையின் கண்ணும் அங்கேதான் இருக்கின்றன.

வைகாசி விசாகத்தன்று பகலில் செல்லுங்கள். ஒன்பது நாளும் மாலையில் கூட்டம் மிகும். பத்தாம் நாள் நண்பகலில் அம்மையப்பர் மண்டபத்திலேயே இருப்பர். சித்திரை வீதியில் கால் வைக்க முடியாத வெயில் அடிக்கும் நேரம் அது. கிழக்கு முகப்பில் குதிரை வீரர்களைக் கண்டு, உள்ளே நுழைந்து, வலப்புறமும் இடப்புறமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மேற்கு நோக்கி நடவுங்கள். காளியின் முன் ஒருமுறை நில்லுங்கள். பன்றிக் குட்டிகளைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். பன்னிரண்டு என்று சொன்னால் அவர்களே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். மன்னர் பதின்மரைக் கடந்து கருங்கல் மேடையின் முன் வந்து கைகூப்பும்போது, பின்னால் அவர்களும் அதே திருமுன்னில் கைகூப்பி நிற்பார்கள். மாலை தீபாராதனை ஆனதும் பல்லக்கு எழும்; கீழைக் கோபுரத்தை நோக்கி நாதசுரம் முன்னே செல்லும்.